மொட்டைமாடியில் இரண்டு பெட்டிப் புல்

மார்ச் 4

இவர் இன்னும் பிடிவாதத்திலிருந்து இறங்கி வரவில்லை. விடுதியிலிருந்து வந்த மகள் சாப்பிடும்போது பேச்சை மறுபடி எடுத்தாள். கோடை விடுமுறையில் வெளிநாட்டுப் பயிற்சி. உலகக் கோப்பைக் கால்பந்து நடக்கும் மைதானத்தில் புல்தரைப் பராமரிப்பு. இவள் வேளாண் கல்லூரியிலிருந்து ஒருவரைத்தான் எடுப்பார்களாம்.

"புல்லு புடுங்கறதுக்கு எதுக்கும்மா ஃப்ளைட்டு? நம்ம வாசல்லயே மண்டிக் கிடக்கு."

"புடுங்க இல்லப்பா. மத்தவங்க புடுங்கினதைத் திரும்ப நட" என்றாள், தட்டிலிருந்து தலை தூக்காமல்.

மார்ச் 10

தம்பி ஆட்ட அட்டவணையோடு வந்தான். அவனுக்குக் கால்பந்து என்றால் சோறு வேண்டாம். மகளின் பயண நாட்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, "அரையிறுதி உன் மைதானத்துலதான். மாமாவை மறந்துடாத" என்றான்.

"ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எங்களை வெளிய அனுப்பிடுவாங்க மாமா. ஒண்ணுகூடப் பாக்க முடியாது."

"அப்புறம் எதுக்குடி போற?"

"புல்லைப் பாக்க."

தம்பி பேனாவை மூடினான்.

மார்ச் 11

அங்கே புல்லை எங்கோ வளர்த்து, பாய்போல் சுருட்டி, குளிரூட்டிய லாரிகளில் கொண்டுவந்து விரிப்பார்களாம். கூரை வெயிலை மறைக்கும் இடங்களில் சக்கரம் வைத்த விளக்குகளைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துவார்களாம். புல்லுக்கு வெயிலை வண்டியில் கொண்டுபோகிறார்கள்! நான் மூன்று வருடம் தாவரவியல் படித்தவள். இப்போது காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். புல்லை ஒரு நாளாவது குனிந்து பார்த்திருக்கிறேனா?

மார்ச் 17

பயிற்சிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்காக மகள் ஜனவரியில் மாடியில் இரண்டு பெட்டிகளில் விதைத்தாள். வாரம் ஒருமுறை அவளே வந்து தண்ணீர் விடுவாள். "நீ கை வைக்காதம்மா" என்று சொல்லியிருக்கிறாள்.

எப்படிச் சும்மா இருப்பது? முளைத்த கொஞ்ச நாளிலேயே ஒரு பெட்டி முகம் வாடி நின்றது. அன்றிலிருந்து தினமும் ஒரு சொம்பு ஊற்றுகிறேன். மற்றது செத்தே போய்விட்டது என்று விட்டுவிட்டேன். இன்று பார்த்துவிட்டு, "இது மட்டும் எப்படி இவ்ளோ பச்சையா இருக்கு?" என்றாள். எனக்குள் ஒரே பெருமை. வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 12

ஐயோ.

பயிற்சிக்கு எடுப்பவர்கள் கேட்பது வேரின் படமாம். பச்சைப் பெட்டியைக் கவிழ்த்து மண்ணைக் கழுவினாள். வேர் கட்டைவிரல் அளவுகூட இல்லை. மேலேயே பின்னிக் கிடந்தது.

"தண்ணி ஊத்தினியா?"

தலையாட்டினேன்.

"மேலயே கிடைச்சா அது எதுக்கும்மா கீழ போகும்?"

கத்தவில்லை. கத்தியிருக்கலாம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படம் அனுப்ப நாளைதான் கடைசி நாள் — என்ன காரியம் பண்ணிட்டேன் நான்? அவ போறது எனக்கே பிடிக்கலையோ?

ஏப்ரல் 13

காலையில் மாடிக்குக் கூப்பிட்டாள். நான் கைவிட்ட பெட்டியைக் கழுவி வைத்திருந்தாள். மேலே பழுப்பு. கீழே வெள்ளை வெளேரென்று வேர், சாண் ஆழப் பெட்டியின் அடியைத் தொட்டு, போக இடமில்லாமல் வளைந்து திரும்பியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஈரமாக, உயிரோடு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் இத்தனையும் நடந்திருக்கிறது.

"ரெண்டையும் சேத்தே அனுப்பறேன். உன்னோடதுக்கு என்ன பேர் போட?"

"அம்மா வளர்த்ததுன்னு போடு."

சிரித்துவிட்டாள்.

மே 6

அவளை எடுத்துவிட்டார்கள். 'அம்மா வளர்த்த' பெட்டியைப் பற்றித்தான் நிறையக் கேட்டார்களாம். இவர் எழுந்தார். ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து பெரிய பயணப் பெட்டியை இறக்கித் துடைத்தார்.

ஜூன் 10

போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 8

அரையிறுதி. காலையில் செய்தி அனுப்பியிருந்தாள்: 'ஆள் போதலையாம். இடைவேளையில மட்டும் உள்ள விடுவாங்க.'

தொலைக்காட்சி முன்னால் நாங்களும் தம்பியும். அந்தப் பச்சை! ஒருவன் சறுக்கி விழுந்து ஒரு பிடி புல்லைப் பெயர்த்துவிட்டான். இவர் பதறி எழுந்தார். "பாத்து ஓட மாட்டானா? மனுஷனா இவன்?"

இடைவேளையில், பெயர்ந்த புல்லைச் சரிசெய்யும் நீளப்பிடி முட்கரண்டிகளோடு நாலைந்து பேர் நடந்து வந்தார்கள். தூரத்தில் ஒருத்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெயர்ந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்தினாள். முகம் தெரியவில்லை. அவளைச் சுற்றி அத்தனை ஆயிரம் பேர்.

"அவதான்" என்றார் இவர்.

"எப்படித் தெரியும்?"

"உன்னை மாதிரியே உக்காந்திருக்கா."

அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, எத்தனைக்கு எத்தனை என்று கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தம்பிக்குக்கூடத் தெரியவில்லை.