கறுப்புத் துணிக்குக் கீழே குனிந்து போனவளுக்கு

மச்சாள்,

போன கிழமை பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது கோதுமை மாப் பசையின் புளித்த மணம் வந்தது. தரிப்பிடச் சுவர் முழுக்கத் தேர்தல் சுவரொட்டிகள். பசை இன்னும் காயவில்லை. கட்டாக்காலி மாடொன்று வந்து ஒரு வேட்பாளரை நெற்றியிலிருந்து நக்கத் தொடங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண் ஒரு மாதிரிப் பார்த்தாள். உன் செங்காரிப் பசுவும் இதையே செய்ததும், "இது ஒரு கட்சிக்கும் வஞ்சகம் செய்யாது, எல்லாரையும் தின்னும்" என்று நீ சொன்னதும் அவளுக்கு எப்படித் தெரியும்?

நீ போனபிறகு வந்திருக்கும் முதல் பிரதேச சபைத் தேர்தல் இது. அதற்கு முந்தியதில்தான் நானும் நீயும் முகம் முறித்தோம். அதைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பதில் வராது என்று தெரியும். தெரிந்தும் கேட்கிறேன்.

உருத்திரபுரத்தில் எங்கள் ஒழுங்கைப் பாதையை வாய்க்கால் குறுக்கே வெட்டிப் போகிறது. அந்த மதகு ஒரு மாரி மழையில் இடிந்தது. பனங்குற்றிகளைப் போட்டு அதன்மேல் நடந்தோம். விடியற்காலையில் நீ பால் கானையும் தூக்கிக்கொண்டு அந்த வழுக்கல் குற்றியில் கால் வைத்து நடப்பாய். மழை பெருத்தால் குற்றியும் தண்ணீருக்குள் போய்விடும். பால் சேர்க்கும் இடத்துக்கு நீ போக முடியாது. பால் வீட்டிலேயே திரைந்துபோகும். மாட்டை நம்பி இருந்தவள் நீ. மதகு எங்கள் எல்லோருக்கும் வசதி, உனக்கு அது சோறு.

மதகு இல்லாவிட்டால் வாக்கும் இல்லை என்று தொடங்கியவள் நான். ஒழுங்கை முகப்பில் கறுப்புத் துணி கட்டினேன். மட்டையில் அதை எழுதியதும் நான்தான். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவள், கடையில் சாமானுக்குச் சரை சுற்றித் தரும் பேப்பரைக் கூட்டிக்கூட்டி வாசிக்கப் பழகியவள், இவ்வளவு வடிவாக எழுதுவாளா என்று பலர் வந்து பார்த்தார்கள். பிள்ளையார் வாசலில் கற்பூரம் கொளுத்தி, ஒருவரும் வாக்குப் போடப் போவதில்லை என்று ஒவ்வொருவராகச் சத்தியம் செய்தோம். உன் முறை வந்தபோது நீ கையைப் பின்னால் வைத்துக்கொண்டாய்.

"கை சாணி மச்சாள். பிறகு தொடுறன்."

அந்தப் பிறகு வரவில்லை. எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

என் பக்க நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். நீ இருந்தபோது முழுதாகச் சொல்ல விட்டதில்லை. என் மேட்டுக்காணி இன்றைக்கும் இராணுவத்தின் முட்கம்பிக்கு உள்ளேதான் கிடக்கிறது. நான் நட்ட மாமரத்தில் யாரோ காய் பறிக்கிறார்கள். அந்தக் காணியைத் தராதவர்கள் நீட்டும் கடதாசியில் நான் ஏன் புள்ளடி போட வேண்டும்? வாக்கு என்பது நாங்கள் கொடுக்கும் மரியாதை, மரியாதை தெரியாதவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்றேன். நீ தவிட்டைக் குழைத்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பெரிய வழக்கு கிடக்கட்டும். அதுக்காக மதகையும் விடுறதோ?" என்றாய்.

தேர்தல் அன்று காலை கோயில் திருவிழாவுக்கு மட்டும் உடுக்கும் நீலப் பட்டோடு வந்தாய்.

"எங்கை வெளிக்கிட்டாச்சு?" என்றேன்.

"பாலுக்கு."

"பட்டுச் சீலையோடையோ?"

"மாடும் ஒருநாளைக்கு வடிவான ஆளைப் பாக்கட்டும்."

சொல்லிவிட்டு நான் கட்டிய கறுப்புத் துணிக்குக் கீழே குனிந்து போனாய். திரும்பி வரும்போது சின்னி விரல் மையை நீ மறைக்கவில்லை. யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன். "அது எனக்கும் பெட்டிக்கும்" என்றாய்.

அந்த மாரி முழுக்க உன்னோடு நான் கதைக்கவில்லை. நீ மட்டும் வழமைபோல என் வீட்டுப் பாலை வேலிக் கப்புக் கட்டையில் வைத்துவிட்டுப் போனாய். நானும் குடித்தேன். கோபம் உன்னோடுதான், மாட்டோடு அல்ல.

அடுத்த வருடம் உழவு இயந்திரத்தில் சீமெந்துக் குழாய்கள் வந்து இறங்கின. குழாய் புதைத்து, மேலே கிரவல் கொட்டி, பக்கச் சுவர் கட்டாமலே போய்விட்டார்கள். ஆனாலும் பாதை பாதைதான். நான் ஒழுங்கையின் நடுவில் நின்று, எங்கள் கறுப்புத் துணிக்குப் பயந்துதான் இது வந்தது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். நீ செங்காரியை அதன்மேல் நடத்திக்கொண்டு வந்தாய். பல மாதத்துக்குப் பிறகு உன்னோடு நான் பேசிய முதல் கதை, "பாத்தியோ?" என்பதுதான். நீ குழாயைக் குனிந்து பார்த்தாய்.

"ஓம் மச்சாள். நல்லாத்தான் கிடக்கு."

நாலு நாளைக்கு முன்வரை, துணிதான் மதகைக் கொண்டுவந்தது என்று நான் நம்பியிருந்தேன். அன்று, போன தேர்தலில் வென்று சபைக்குப் போன பெடியன் மறுபடி வாக்குக் கேட்டு வந்தான். கதிரையில் இருந்ததும் முதலில் உன்னைத்தான் விசாரித்தான். பால்கார அம்மா செத்துப்போனா என்றதும் கையிலிருந்த துண்டுப் பிரசுரங்களை மடியில் வைத்தான். பிறகு சொன்னான். சபையில் பொதுமக்களைச் சந்திக்கும் நாள் வந்தால் நீயும் வருவாயாம். முதல் நாளே அவன் முன்னால் இருந்து, "தம்பி, நான் உமக்குப் போடேல்லை. மற்றப் பெடியனுக்குத்தான் போட்டனான். அவன் தோத்துப்போனான். இனி நீர்தான் எனக்குப் பதில் சொல்லோணும்" என்றாயாம். அவனுக்கு வாக்குப் போட்டவர்கள் பிள்ளைக்கு வேலை கேட்டு வந்தார்களாம். போடாத நீ மதகை மட்டும் கேட்டாயாம். உன்னைக் கண்டால் ஒளிக்கலாமா என்றுகூட யோசித்திருக்கிறான்.

நான் கறுப்புத் துணியை நினைவூட்டினேன். "எந்தத் துணி அம்மா?" என்றான். வட்டாரம் முழுக்கப் போட்ட வாக்கைத்தான் எண்ணுவார்களாம். எங்கள் ஒழுங்கை போடாதது ஒருவர் கண்ணிலும் படவில்லையாம். வெறுமையான பெட்டியைப் பார்த்து அவர்கள் வெட்கப்படுவார்கள் என்று இருந்தேன். எங்களுக்கென்று தனிப் பெட்டியே இருக்கவில்லை.

அவன் பொய் சொல்கிறான் என்று இப்போதும் பாதி நம்புகிறேன். துணியைப் பார்த்தும் பாராததுபோல் போகக்கூடிய ஆட்கள்தான் அவர்கள். கட்டியது பிழை என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அன்றிரவு முழுக்க ஒன்றைத்தான் திருப்பித் திருப்பி யோசித்தேன். தோற்றவனுக்குப் போட்டுவிட்டு, வென்றவனிடம் போய்ப் பதில் கேட்கலாம் என்று உனக்கு யார் சொன்னது? நான் வாசித்த எந்தப் பேப்பரிலும் அது இருக்கவில்லை. நான் மரியாதை என்று பூட்டி வைத்ததை நீ சண்டைக்குப் போகும் வழியாகப் பார்த்திருக்கிறாய். தெரிந்துகொண்டும் ஏன் எனக்குச் சொல்லவில்லை? நான் ஒழுங்கையில் நின்று பெருமை அடித்தபோது உள்ளுக்குள் சிரித்தாயா, இல்லை பாவம் பார்த்தாயா? பாவம் பார்த்திருந்தால் அதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

இன்று காலை பள்ளிக்கூடத்துக்குப் போய் வாக்குப் போட்டேன். மட்டை மறைப்புக்குள் தனியே நின்றபோது புதுமையாக இருந்தது. என்னை ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. வாழ்நாளில் என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள், பெயர், ஊர், ஆட்கள் எங்கே என்று. இந்தக் கடதாசி ஒன்றுதான் என் பெயரைக் கேட்காமல் என் விருப்பத்தைக் கேட்டது. புள்ளடி கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. வெளியே வந்ததும் முன்வீட்டுக்காரி யாருக்கு என்று கேட்டாள். நான் சின்னி விரல் மையைக் காட்டிவிட்டு நடந்தேன்.

மேட்டுக்காணி வழக்கை நான் விடவில்லை, மச்சாள். சபைக்காரரிடம் அதைக் கேட்டால் தங்கள் அதிகாரத்தில் இல்லை என்பார்கள். யாருடைய அதிகாரத்தில் இருக்கிறது, அவர்களிடம் எப்போது போய் எனக்காகக் கேட்பீர்கள் என்று அடுத்ததாகக் கேட்பேன். உன்னைப்போல் மெதுவாகக் கேட்க எனக்கு வராது. சத்தம் போட்டுத்தான் கேட்பேன்.

முடிவு இன்னும் வரவில்லை. யார் வென்றாலும், சபை கூடிய கிழமையே முதல் பஸ்ஸில் போகிறேன்.