இரும்பென்று நம்பிய உடம்பு

நாள் 212, காலை
நிலவின் தென்துருவம், வெயிலே படாத பள்ளம். ஆய்வகத்தில் இருப்பது வேதியியலாளர் கோமதி, நான் ஒரே ஆள். வேலை, ருத்தேனியம் மருந்து. இரும்புக்கு அலையும் புற்றுச் செல்கள் இந்த உலோகத்தை இரும்பென்று நம்பி வாரி விழுங்கும். இருட்டில் அது சும்மா கிடக்கும். வெள்ளை வெளிச்சம் பட்டால் விஷமாகி, விழுங்கிய செல்லைக் கொல்லும். அதனால் பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர் போலச் சிவப்பு விளக்கில்தான் என் பிழைப்பு. சிவப்பு அதை எழுப்பாது. எலிகள் நலம். ஒன்று மட்டும் என்னைக் கடித்தது. போட்ட தீனி பிடிக்கவில்லை போலும்.

நாள் 219, மாலை
விண்கல் துணுக்கு ஒன்று அலைபரப்பியை உடைத்துவிட்டது. கேட்க முடிகிறது, பேச முடியவில்லை. என் கணவர் இசக்கியப்பன் தொலைவிலுள்ள நடுத்தளத்தில், உதவியாள் ஜெபராஜோடு வண்டி ஓட்டுகிறார். அவர் அனுப்பியது:
"கோமு, ஒஞ் சத்தத்தையே காணல. பயப்படாத. நானும் ஜெபராஜும் வண்டியக் கெளப்பிட்டோம். பாத மோசம், மூணு வாரம் ஆவும்."
அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கொஞ்ச நாளாக மலத்தில் ரத்தம் போகிறது. இன்று குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தேன். குடலில் கட்டி. இந்த வேகத்தில் ரத்தம் போனால் மூன்று வாரம் தாங்க மாட்டேன்.

நாள் 220, காலை
மருந்தை எனக்கே ஊசி போட்டுக்கொண்டேன். எலிகளுக்கு இரண்டே நாளில் மற்ற உறுப்புகளிலிருந்து கழிந்துவிடும், கட்டியில் மட்டும் தங்கும். பிறகு குழாய் வழியாக வெள்ளை ஒளி. வேறு வழியில்லை, அனுமதி கேட்க ஆளும் இல்லை.

நாள் 223, மதியம்
வேலை செய்துவிட்டது. கட்டி கருகிச் சுருங்கியிருக்கிறது, ரத்தம் நின்றுவிட்டது. உட்கார்ந்து அழுதேன்.
சாப்பிடலாமென்று குளிர்பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த சின்ன பல்பின் வெளிச்சம் வலது கையில் பட்டது. அது பட்ட இடமெல்லாம் தோல் வெந்து கழன்றுவிட்டது.

நாள் 226
எங்கே பிசகினேன் என்று இன்று புரிந்தது. எலிகள் தின்று கொழுத்தவை. எனக்கோ ரத்தம் போய்ப் போய்ச் சோகை. என் உடம்பின் ஒவ்வொரு செல்லும் இரும்புக்கு ஏங்கிக் கிடந்திருக்கிறது. ஊசி போட்டதும் கட்டியோடு சேர்ந்து என் உடம்பு முழுவதும் மருந்தை விழுங்கிவிட்டது. கட்டியின் பசியைக் கணக்கில் வைத்த மண்டைக்கு என் பசி தோன்றவில்லை. கழிய மாதக்கணக்கில் ஆகும்.
சரிபார்க்க, எலிகளுக்கு ரத்தம் எடுத்துச் சோகையாக்கி, மருந்து போட்டு, மூடிய பெட்டிக்குள் வைத்து வெளிச்சம் காட்டினேன். கீச்சென்று ஒரே சத்தம். அத்தனையும் செத்தன.

நாள் 233
கூண்டுகள் காலி. கீச்சுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. நான் அசையும்போது நின்று, உட்கார்ந்ததும் தொடங்குகிறது. இன்று அது என் வயிற்றுக்குள்ளிருந்து கேட்டது. பயமாக இருக்கிறது, நன்றாகவே பயமாக இருக்கிறது.

நாள் 238
வலது கையால் எழுத வராது. 'வெளிச்சம் படக்கூடாது' என்ற அச்சடித்த ஒட்டுத்தாளைக் கதவில் வரிசையாக ஒட்டினேன். மருந்துப் பெட்டிகளை மூடும் கருந்துணியைச் சுற்றிக்கொண்டு மூலையில் படுத்திருக்கிறேன். விசைப்பலகை துணிக்குள். இடது கையால் தட்டுகிறேன்.

நாள் 240
வந்துவிட்டார்கள். ரேடியோவில் கேட்கிறது.
"அண்ணே, இத்தன நாளாச் சத்தமில்ல. மனசத் தேத்திக்கிடுங்க. நீங்க இங்கனயே நில்லுங்க, நான் போயிப் பாக்கேன்."
"இல்லடே. சவமாக் கெடந்தாலும் அவ மொகத்த ஒருக்க நல்ல வெளிச்சத்துல பாத்துக்கிடுதேன். நீ பெரிய வெளக்கப் பிடி."
"கதவுல வெளிச்சம் படக்கூடாதுன்னு ஒட்டியிருக்கே."
"அது மருந்துக்குடே. அவ டப்பா எல்லாத்துலயும் அதத்தான் ஒட்டுவா."
கடவுளே. கை வெந்தாலும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

கதவு திறந்துவிட்டது. கத்துகிறேன். தலைக்கவசம் மாட்டியிருக்கிறார்கள், கேட்காது. அசைந்தால் உயிரோடிருக்கிறேன் என்று பதறித் துணியை விலக்குவார். அசையாமல் கிடந்தால் கடைசி முகம் பார்க்க விலக்குவார்.
"அந்தா மூலையில, துணி மூடிக் கெடக்கு. ஜெபா, வெளக்க இங்கன காட்டு."
அழுகிறார். கிட்டே வந்துவிட்டார். எனக்கும் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது.
"கோமு, வந்துட்டேன் பாரு."
ஏங்க, வேண்டாம் துணியைத் தொடா