ஒரே மேஜைக்குப் போன இரண்டு விண்ணப்பங்கள்

என் வாயாடி மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுதிவிட்டால் மீதியை எழுதத் தைரியம் வரும், அதனால் சௌக்கியம். நீ சளி, இருமல் இல்லாமல் இருக்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அது உன் அப்பா மடியை விட்டு இறங்குவதே இல்லை.

சலவை நிலையத்தை மூடி எங்கள் இரண்டு பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு உன் அப்பா இருக்கிற இருப்பு உனக்குத் தெரியாது. தினமும் குளித்து, சவரம் செய்து, வேலைக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறார். வீட்டில் இருந்த துணியையெல்லாம் இஸ்திரி போட்டு முடித்துவிட்டார், நேற்று அடுப்பு துடைக்கிற துணியைக்கூட விடவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனேன், போனால் அழுகைதான் வந்தது. வாடகை பாக்கிக்காக வீட்டு ஓனர் இரண்டு தடவை வந்து பொறுமையாகப் பேசிவிட்டுப் போனார், அடுத்த தடவை வீட்டைக் காலி செய்யத்தான் சொல்வார்.

பெரிய ஆஸ்பத்திரியில் துணி அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்ததும், நீ சொல்லிக்கொடுத்தபடி நான்தான் அவருக்குக் கவர் லெட்டர் எழுதினேன். பயோடேட்டாவில் இருப்பதையே ஒப்பிக்காதே, அந்த இடத்துக்கு எப்படி உதவுவார் என்று எழுது, அவர் செய்த ஒரு காரியத்தை விவரமாகச் சொல்லு, கெஞ்சாதே, ஒரு பக்கத்தைத் தாண்டாதே என்றாய். எல்லாம் சரி, அந்த ஒரு காரியத்துக்குத்தான் திண்டாடிப் போனேன். எவ்வளவு கிளறினாலும் மனிதர், என்னத்தச் செஞ்சேன், தினம் போனேன், தினம் வந்தேன், அவ்வளவுதான் என்கிறார். கடைசியில் சலவை நிலையத்தில் துணி உலர்த்த நீராவி தருகிற பாய்லர் நின்றுபோன நாளை எழுதினேன். ஆஸ்பத்திரித் துணி மொத்தமும் ஈரமாகக் கிடக்க, ஆபரேஷன் அறைத் துணி முதலில், பிரசவ வார்டு அடுத்து, மற்றது பிறகு என்று பிரித்து, உலர்த்துகிற மெஷின் உள்ள சின்னக் கடைகளுக்கு அனுப்பி, சாயங்காலம் வண்டி வருவதற்குள் முடித்தோமே, அது. யோசனை என்னுடையது. மழையில் தள்ளுவண்டியோடு அலைந்தவர் அவர். கடிதத்தில் இரண்டையும் அவர் செய்ததாகவே எழுதினேன், புருஷன் பெண்டாட்டிக்குள் யாருடையதாக இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் பயம் பிடித்துக்கொண்டது. இவருக்குக் கிடைக்காவிட்டால் எங்கே போவோம். அவருக்குத் தெரியாமல் நானும் ஒரு விண்ணப்பம் போட்டேன். எனக்கும் சொல்லிக்கொள்ள அந்த ஒரு நாள்தான் இருந்தது, அதையே எழுதினேன். இரண்டும் ஒரே மேஜைக்குத்தான் போகும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

நேற்று அவர் குளிக்கும்போது போன் வந்தது. ஆஸ்பத்திரி மேலாளர், ஒரு அம்மா. ஒரே விலாசம், ஒரே நம்பர், ஒரே சம்பவம், உண்மையில இதைச் செஞ்சது யாரும்மா, இருக்கிறது ஒரு இடம், ஒருத்தரைத்தான் நேர்ல கூப்பிட முடியும் என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நான்தான் என்று வந்துவிட்டது. அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னார்.

உண்மையைத்தான் சொன்னேன், ஆனாலும் திருடினவள் மாதிரி இருக்கிறது. உன் அப்பா தலை துவட்டிக்கொண்டே வந்து, போன் வந்துச்சா என்று கேட்டார். ராங் நம்பர் என்றேன். அவருக்கு அந்த வேலை வேண்டும் மகளே, சம்பளத்துக்கு மட்டும் இல்லை, அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டும். எனக்கு இந்தக் கூரை வேண்டும். வியாழக்கிழமைக்குள் சொல்லித்தான் ஆக வேண்டும், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கவர் லெட்டருக்கு வழி சொன்னாயே, இதற்கும் ஒரு முதல் வரி சொல்லு. கெஞ்சாமல் தொடங்க எனக்குத் தெரியவில்லை.

நோய் நொடி இல்லாமல், உன் வேலை நிலைத்து, நீ நன்றாக இரு. பதிலைத் தெருமுனைத் தையல்கடை விலாசத்துக்குப் போடு. ஞாயிற்றுக்கிழமை தவிர நடுவில் போன் செய்யாதே. மணி அடித்தால் உன் அப்பா எழுந்து நின்று, கழுத்துப் பொத்தானைப் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டுதான் எடுக்கிறார். நீதான் என்று தெரிந்ததும் சந்தோஷமாகத்தான் பேசுகிறார். பேசி முடித்ததும் அந்தப் பொத்தானைக் கழற்றுகிறார், அதை என்னால் பார்க்க முடியவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா