பதினொரு தலைப்பிரட்டைகள்

மார்ச் 1, ஞாயிறு

முழங்கால் தொண்ணூறு டிகிரி மடங்குகிறது. பிசியோதெரபிப் பெண் கோணமானி வைத்து அளந்தாள். "பரவாயில்ல சார், சீக்கிரமாவே வருது" என்றாள். கப்பலில் இன்ஜின் ரூம் ஏணியிலிருந்து விழுந்து இன்றோடு ஏழு வாரம். இப்போது ஒரு ஊன்றுகோல் போதும்.

பன்னிரண்டு வருடக் கடல் வேலை. லாக் புக் எழுதிப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் இந்த நோட்டு.

சின்னவளுக்கு ஐந்து வயது. காலையில் சமையலறையில் அவள் அம்மாவிடம் விசாரித்தது கூடம் வரை கேட்டது: "அப்பா டீ குடிச்சிட்டாரா? அவருக்கு வேற துண்டு எடுத்து வெச்சியா?" ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் விருந்தாளியைப் பற்றிக் கேட்கிற மாதிரி அக்கறை.

மனைவி வேலை செய்யும் மருந்துக் கடையில் கூட இருக்கும் பெண் பிரசவ விடுப்பில் போகிறாளாம். "அடுத்த வாரத்துலேர்ந்து சனி ஞாயிறும் எனக்குக் கடை. பிள்ளைங்க உங்க பொறுப்பு" என்றாள். பிறகு, "பொறுப்புன்னா டிவி போட்டு விடறது இல்ல."

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். பெரியவள் நாலாம் வகுப்பு. அவளுடைய டீச்சர் கொடுத்தது. வசந்த காலத்தில் குடும்பமாக வெளியே போய்ச் செய்ய வேண்டிய பத்து வேலைகள். ஒவ்வொன்றையும் செய்து நோட்டில் எழுத வேண்டுமாம்.

பத்து வேலை, பத்து வாரம். படித்துப் பார்த்தேன். கஷ்டமாக ஒன்றும் தெரியவில்லை.

மார்ச் 7, சனி

வேலை எண் ஒன்று: ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரா வாரம் பார்க்க வேண்டும்.

பேருந்து நிழற்குடைக்குப் பின்னால் இருந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு இலை கூட இல்லை. டேப்பால் சுற்றளவு எடுத்தேன். நூற்று நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.

"இது என்ன மரம்?" என்றாள் பெரியவள்.

"தெரியாது."

"நிஜமாவே தெரியாதா?"

"நிஜமாவே."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ நல்ல செய்தி கிடைத்த மாதிரி. பெரியவள் நோட்டில் எழுதியதை எட்டிப் பார்த்தேன்: "மரத்தின் பெயர் - அப்பாவுக்குத் தெரியாது."

மார்ச் 8, ஞாயிறு

ஐந்து நிமிடம் கண்ணை மூடிக் கேட்ட சத்தங்கள்: பெரியவள் ஒன்பது, நான் நாலு, சின்னவள் ஒன்று (அவளே பாடியது).

மார்ச் 14, சனி

எறும்பு. சாரையைப் பின்தொடர்ந்து அது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தாளில் ஒரு வரி. செய்ய ஒரு மணி நேரம்.

எனக்குக் குனிய முடியாது. நடைபாதையில் அப்படியே படுத்துவிட்டேன். சின்னவள் என் பக்கத்தில் படுத்தாள், ஒரு முழம் தள்ளி. மாடி வீட்டு வங்கி மேலாளர் பை நிறையக் காய்கறியோடு வந்தவர் நின்றார்.

"என்ன சார், விழுந்துட்டீங்களா?"

"இல்ல. எறும்பு பாக்கறோம்."

அவர் சற்று யோசித்தார். பையைக் கீழே வைத்தார். "அந்தச் செவுத்துக்குப் பின்னாடி போகுது பாருங்க" என்றார். அங்கேதான் போனது. பத்து நிமிடம் எங்களோடு இருந்துவிட்டு, வீட்டில் தேடுவார்கள் என்று கிளம்பினார்.

ஒரு எறும்பு தன்னைவிடப் பெரிய சிறகு ஒன்றை இழுத்துக்கொண்டு போனது. சின்னவள் அதற்கு வழிவிடச் சொல்லி என் கையை நகர்த்தினாள். அவளாக என்னைத் தொட்டது இதுதான் முதல் தடவை.

மார்ச் 22, ஞாயிறு

விளையாட்டுத் திடலுக்குப் பின்னால் ஒரு குட்டை. மழைத் தண்ணீர். ஓரமெல்லாம் தலைப்பிரட்டை. எனக்கு இதன் பெயர் தெரியும், சொன்னேன். பெரியவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

குட்டைத் தண்ணீரோடு ஒரு வாளியில் பதினொன்று கொண்டுவந்தோம். பால்கனியில் பழைய பிளாஸ்டிக் தொட்டி. சின்னவள் பதினொன்றுக்கும் பெயர் வைத்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், புள்ளி.

"அப்புறம் எப்படிக் கூப்பிடுவே?" என்று அக்கா கேட்டாள்.

"கூப்பிட்டா எல்லாமே வரட்டும்."

மார்ச் 29, ஞாயிறு

மரத்தில் மொட்டு. கீரையை வேகவைத்துப் போட்டால் தலைப்பிரட்டை தின்கிறது. ஊன்றுகோல் இல்லாமல் திடல் வரை நடந்தேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இரண்டு புள்ளிகளுக்குப் பின்னங்கால் வருகிறது. பென்சில் முனை அளவு. பெரியவள் அளவுகோலைத் தொட்டியில் ஒட்டி, தேதி போட்டு அட்டவணை எழுதுகிறாள். கட்டம் போட்டது நேராக இருக்கிறது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "யாரும் இல்ல. சும்மா வந்துச்சு" என்றாள்.

ஒன்பது வயதுப் பெண் எப்படிக் கட்டம் போடுவாள் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

ஏப்ரல் 11, சனி

மச்சான் வந்து பிள்ளைகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறான். நாளை மாலை வருவார்கள். மனைவி கடையில்.

வீட்டில் சத்தமே இல்லை. பால்கனியைப் பார்த்தேன். தொட்டித் தண்ணீர் பச்சையாக, ஓரமெல்லாம் வழவழவென்று. அழுக்கை அப்படியே விட்டுவிட்டு உட்கார எனக்கு வராது. தலைப்பிரட்டைகளைச் சல்லடையால் ஒரு கிண்ணத்துக்கு மாற்றினேன். தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். குழாயிலிருந்து புதுத் தண்ணீர் பிடித்தேன். திரும்ப விட்டேன். கண்ணாடி மாதிரி இருந்தது. பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன்.

ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால் எல்லாம் மிதக்கிறது. எண்ணினேன். பதினொன்று.

குழாய்த் தண்ணீர். குளோரின். கப்பலில் குடிதண்ணீர்த் தொட்டிக்கு வாரா வாரம் குளோரின் அளந்து போட்டது யார்? நான்தான். இது தெரியாத ஆளா நான்? கை தன் பாட்டுக்கு வேலை செய்தது, தலை எங்கே போச்சு—

மனைவி வந்து பார்த்தாள். "சொல்லிடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சொல்லவில்லை.

சின்னவள்தான் முதலில் பால்கனிக்கு ஓடினாள். அழுதாள். பெரியவள் அழவில்லை. தொட்டி முன் உட்கார்ந்து எண்ணினாள். பிறகு என்னைப் பார்த்து, "என்ன ஆச்சுப்பா?" என்றாள்.

"வெயில்" என்றேன். "நேத்து ரொம்ப வெயில்."

வாயிலிருந்து அதுவாக வந்தது. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பெரியவள் அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் எழுதினாள்: "11 - வெயிலில் இறந்தன."

ஏப்ரல் 14, செவ்வாய்

இரண்டு நாளாகப் பள்ளி விட்டு வந்ததும் பெரியவள் பால்கனியில் நிற்கிறாள். தொட்டி இருந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருக்கிறாள். வெயில் எப்போது அந்த வட்டத்துக்கு வருகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதுகிறாள். காலை நேரத்துக்குக் குறிப்பெடுக்கச் சொல்லி அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. என் முழங்காலுக்குத் தொந்தரவு வேண்டாமாம்.

ஏப்ரல் 15, புதன்

வெயில் அங்கே முப்பத்தைந்து நிமிடம்தான் விழுகிறது. "இவ்வளவு நேரத்துல செத்துடுமா?" என்று கேட்டாள். "குட்டையில நாள் பூரா வெயில் அடிக்குதே, அங்கே ஏன் சாகலை?"

நான், "சின்னத் தொட்டி, சீக்கிரம் சூடாகும்" என்றேன். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று.

வெள்ளிக்கிழமை வகுப்பில் அவள் இதைப் பற்றிப் பேசப் போகிறாள். தலைப்பிரட்டை வளர்ப்பவர்கள் நிழலில் வைக்க வேண்டும் என்று சொல்வாளாம். படம் வரைந்து வைத்திருக்கிறாள். சூரியனுக்குக் கோபமான முகம்.

முப்பது பிள்ளைங்க முன்னாடி நின்னு இவ அதைச் சொல்லுவா. அவங்களும் நிழல்ல வெச்சுட்டுக் குழாய்த் தண்ணியை ஊத்துவாங்க. அளந்து, எண்ணி, நேரம் குறிச்சு, எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்ச பொண்ணு. தப்பான இடத்துக்குப் போய் நிக்கறா. கொண்டு போய் விட்டது நான். உலகத்தைக் காட்டறேன்னு கூட்டிட்டுப் போனேனே, இதையா காட்டினேன்?

ஏப்ரல் 16, வியாழன்

சொல்லிவிட்டேன். பள்ளியிலிருந்து வந்து பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

"வெயில் இல்ல. நான் தண்ணி மாத்தினேன். குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும். கிருமியைக் கொல்றதுக்கு. நமக்கு ஒண்ணும் ஆகாது, அதுங்களுக்கு ஆகும்."

டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு அது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அன்னிக்கு ஞாபகம் வரலை."

"அப்புறம் ஏன் வெயில்னு சொன்னீங்க?"

"பயம்."

"யாரைப் பாத்து?"

"உன்னை."

பாலைக் குடித்து முடித்தாள். உள்ளே போய் அட்டவணையை எடுத்து வந்தாள். அழிக்கவில்லை. "வெயிலில்" என்ற சொல்லின் மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டாள். "குளோரின் எப்படி எழுதணும்?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

ஏப்ரல் 18, சனி

மரம் முழுக்கத் தளிர். பெரியவள் முன்னால் நடந்தாள், நானும் சின்னவளும் பின்னால். கேட்டதற்கு மட்டும் பதில்.

ஏப்ரல் 20, திங்கள்

பள்ளி வாசலில் டீச்சர் பிடித்துக்கொண்டார். "உங்க பொண்ணு வெள்ளிக்கிழமை நல்லா பேசினா சார். தண்ணியை ஒரு நாள் திறந்து வெச்சுட்டுத்தான் ஊத்தணும்னு எல்லாருக்கும் சொன்னா. கிளாஸே அவளை நோண்டி எடுத்துடுச்சு, யாரு தண்ணி மாத்தினதுன்னு."

"என்ன சொன்னா?"

"வீட்ல ஒருத்தர்னு சொன்னா. எவ்வளவு கேட்டும் பேரைச் சொல்லலை."

டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். யார் என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 24, வெள்ளி

கம்பெனியிலிருந்து கடிதம். மே 4 மருத்துவப் பரிசோதனை. தகுதி என்றால் மே 9 கப்பல்.

மனைவி படித்துவிட்டு மடித்தாள். "இன்னும் வலிக்குதுன்னு சொல்லுங்களேன். ரெண்டு மாசம் கூடக் கிடைக்கும். டாக்டருக்கு என்ன தெரியப் போகுது."

வலி இல்லை. நேற்று மாடிப்படி இரண்டிரண்டாக ஏறினேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

குட்டைக்குப் போனோம். ஓரத்துப் புல்லில் விரல் நகம் அளவு தவளைகள், வால் இன்னும் முழுதாகப் போகவில்லை. சின்னவள் சேற்றில் வழுக்கி உட்கார்ந்தாள். எழுந்து, மறுபடி வேண்டுமென்றே உட்கார்ந்தாள்.

பெரியவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "கப்பலுக்கு எப்ப போறீங்க?"

"மே ஒன்பதுன்னு எழுதியிருக்காங்க."

"திரும்ப?"

"ஜனவரி ஆகும்."

"அப்போ மரத்தை நானே அளந்துக்கறேன்" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. வேலையைப் பிரித்துக்கொள்கிறவள் மாதிரி சொன்னாள்.

மே 4, திங்கள்

டாக்டர் காலை மடக்கி, நீட்டி, திருகிப் பார்த்தார். "வலி?"

"இல்லை."

"உட்காந்து எழுந்திரிக்கும்போது?"

"இல்லை."

தகுதி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளோடு கீழ்த் தளத்தில் இருக்கும் கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். ஆள் அனுப்பும் அதிகாரியிடம் கொடுத்து, கப்பலுக்கு வரவில்லை என்றேன். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"முழங்கால் சரியாயிடுச்சுன்னு போட்டிருக்கே?"

"சரியாயிடுச்சு."

"பின்ன என்ன பிரச்சினை?"

"வீட்ல இருக்கணும்."

"வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க."

இதற்கு அவர் படிவத்தில் கட்டம் இல்லை. கடைசியில் "சொந்தக் காரணம்" என்று எழுதிக்கொண்டார்.

மனைவி கடையில் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அங்கேயே சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அடுக்குவதை நிறுத்தவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"ஆமா."

"பன்னெண்டு வருஷமா இந்த வீட்ல என்ன நடந்தாலும் நானே முடிவு பண்ணினேன், ஏன்னா கேக்கறதுக்கு ஆள் இல்ல. இப்ப ஆள் இருக்கேன்னு பாத்தா நீங்களே முடிவு பண்ணிட்டு வந்து நிக்கறீங்க."

ஒரு வாடிக்கையாளர் இருமல் மருந்து கேட்டு வந்தார். கொடுத்து அனுப்பினாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"வலிக்குதுன்னு சொல்லலையா?" என்றாள், வேறு குரலில்.

"சொல்லலை."

"சரி. இனிமே துணி துவைக்கறது நீங்க. வெள்ளையைத் தனியா போடணும், அதையும் இதையும் கலந்துடாதீங்க."

மே 5, செவ்வாய்

பிள்ளைகளிடம் சொன்னோம். பெரியவள், "ஓ" என்றாள். சின்னவள், "கப்பல் தேடாதா?" என்றாள்.

மே 25, திங்கள்

ஆஸ்பத்திரி பாய்லர் அறையில் வேலை. காலை ஆறிலிருந்து இரண்டு வரை. பம்ப் சத்தம் அதேதான். தரை மட்டும் ஆடவில்லை.

ஜூன் 13, சனி

வெளியே கிளம்பும் நேரத்தில் சின்னவளின் பாவாடையை எடுத்து உதறினேன். அதன் பையிலிருந்து, அவள் பொறுக்கி வைத்திருந்த நத்தை ஓடுகள் தரையில் விழுந்தன. பார்க்காமல் ஒன்றை மிதித்துவிட்டேன். நான்தான் மிதித்தேன் என்று உடனே சொன்னேன்.

"நீங்க ஒண்ணும் வர வேண்டாம்" என்று கத்தினாள். "உங்க பேச்சு டூ. போங்க." அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். காலண்டர் ஆடியது.

நான் கதவைத் தட்டப் போனேன். பெரியவள் நோட்டிலிருந்து தலை தூக்காமல், "தட்டாதீங்கப்பா, இன்னும் நேரமாகும். எனக்கும் அவ இப்படித்தான் செய்வா" என்றாள்.

கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் சமையலறையிலிருந்து மனைவி, "இப்ப என்ன பண்ணினீங்க?" என்றாள்.

கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். நாற்பத்தைந்து நிமிடம். கதவு திறந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்து, செருப்புப் பட்டையை மாட்டிவிடச் சொல்லி என் மடியில் காலை வைத்தாள்.