கிளட்ச் மிதிக்கும் கால்

12.6.2007, செவ்வாய்

கம்பம்மெட்டு மலை ஏறும்போது நல்ல மழை. வண்டி நிறையத் தக்காளிப் பெட்டி. தோட்டத்து ஜீப்பைத் தவறவிட்ட ஏலக்காய்த் தோட்டப் பெண்கள் சிலரும் பின்னால் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செக்போஸ்டில் நின்று கிளம்பும்போது முதல் கியர் விழவில்லை. கறகறவென்று கத்தியது.

"ஏலே கர்ணா, வண்டி பல்லக் கடிக்குதுடா!" என்று பின்னாலிருந்து சங்கிலியம்மாள் சத்தம் போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கிளட்ச் கனத்துவிட்டது. அடிவரை மிதிக்க முடியவில்லை. கேபிள் துருப்பிடித்திருக்கும்.

14.6.2007, வியாழன்

ஜெபமணி பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். கேபிளைக் கழற்றிப் பார்த்து, எண்ணெய் விட்டு, மறுபடி மாட்டினான்.

"கேபிள்ல ஒண்ணுமில்லண்ணே. கிளட்ச் பூ மாதிரி இருக்கு. இங்கன பாருங்க." குனிந்து கையாலேயே பெடலை அமுக்கிக் காட்டினான்.

கையால்.

சிரித்துவிட்டு வண்டியில் ஏறினேன். என் இடது காலுக்கு அது மலை.

15.6.2007

கிளட்ச் கனக்கவில்லை என்றால், கனப்பது எது?

19.6.2007, செவ்வாய்

இன்று நானே வண்டிக்கு அடியில் படுத்து நட்டை முறுக்கிக் கேபிளை இறுக்கினேன். இறுக்க இறுக்க, பாதி மிதித்தாலே கிளட்ச் பிடி விடுகிறது. கியர் சத்தமில்லாமல் விழுகிறது. என் கால் எவ்வளவு அமுக்குமோ, அவ்வளவுக்கு வண்டியை இறக்கிக் கொண்டுவந்தாயிற்று.

பெடலில் கொஞ்சம் ஆட்டம் விட வேண்டும், இல்லாவிட்டால் கிளட்ச் பிளேட்டு முழுசாகப் பிடிக்காமல் வழுக்கும் என்பது எனக்குத் தெரியும். இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், தெரியாதா? தெரிந்தேதான் முறுக்கினேன்.

23.6.2007, சனி

சந்தையிலிருந்து நடந்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் முருகம்மாள் என் காலையே பார்த்தாள்.

"என்னங்க, ஒத்தச் செருப்போட வர்றீக?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. "வாய்க்கால்ல விழுந்துருச்சு" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

அவள் உள்ளே போனதும் திரும்பிப் போய்த் தேடினேன். டீக்கடைக்கு முன்னால் கிடந்தது. அங்கிருந்து வீடு வரைக்கும் ஜல்லி பரப்பின ரோடு. அதில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. எனக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது?

28.6.2007, வியாழன்

ஊக்கால் பாதத்தைக் குத்திப் பார்த்தேன். பெருவிரல் பக்கம் வலிக்கிறது. சுண்டுவிரல் பக்கம், குதிகால் – வேறு யாருடைய காலையோ குத்துகிற மாதிரி. ரத்தம் மட்டும் வருகிறது.

ஏற்றத்தில் இப்போதெல்லாம் கையால் தொடையை அமுக்கித்தான் கிளட்ச் மிதிக்கிறேன். ஒரு கை ஸ்டியரிங்கில். கியர் போட மூன்றாவது கையா இருக்கிறது?

டாக்டரிடம் போனால் வண்டியைத் தொடாதே என்பார். இதைவிட்டால் எனக்கு என்ன தெரியும்? முருகம்மாளிடம் சொன்னால் அன்றைக்கே சாவியை ஒளித்துவைத்துவிடுவாள். சொல்லக் கூடாது. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம். தானாகச் சரியாகும்.

ஆகுமா?

3.7.2007, செவ்வாய்

மேலே ஏறும்போது கருகல் வாடை. இன்ஜின் கத்துகிறது, வண்டி அந்த அளவுக்கு ஏறவில்லை. பின்னால் பெண்கள், "என்னமோ தீயுதே, தீயுதே" என்றார்கள். முன்னால் போகிற லாரிதான் என்று கை காட்டினேன்.

பிளேட்டு வழுக்குகிறது. நட்டைத் தளர்த்தினால் நிற்கும். தளர்த்தினால் என் காலுக்குக் கியர் விழாது.

வெள்ளிக்கிழமை லோடு முடியட்டும்.

6.7.2007, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பாதி மலைக்கு மேல், ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுபோயிற்று. இன்ஜின் ஓடுகிறது, சக்கரத்துக்குப் போகவில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டு, "எல்லாரும் இறங்குங்க, கல்லு வையுங்க" என்று கத்தினேன். இறங்கினார்கள். சங்கிலியம்மாள்தான் முதலில் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "வச்சாச்சு" என்று யாரோ சொன்னது கேட்டது.

இன்னொரு தரம் எடுத்துப் பார்ப்போம் என்று நினைத்தேன். ஏன் நினைத்தேன்? பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டர் கொடுத்தேன். முன்னால் போவதற்குப் பதில் வண்டி பின்னால் உருண்டது. பிரேக்கை மறுபடி மிதிப்பதற்குள் ஒரு முழம் வந்திருக்கும். நகர்ந்த கல்லைச் சரியாக வைக்கச் சங்கிலியம்மாள் சக்கரத்துக்கு அடியில் கையை விட்டிருந்திருக்கிறாள்.

அந்தச் சத்தம்.

வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. மேலேயிருந்து வந்த ஜீப்பில் ஏற்றிக் கம்பம் கொண்டுபோனோம். நானும் கூடவே போனேன். வழியெல்லாம் அவள், "கர்ணன் பிரேக்க மிதிக்கலன்னா நம்ம அம்புட்டுப் பேரும் பள்ளத்துல கெடப்போம்" என்று மற்றப் பெண்களிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.



7.7.2007

ஒரு விரலை எடுத்துவிட்டார்களாம்.

9.7.2007, திங்கள்

வண்டியைக் கட்டி இழுத்துவந்து ஜெபமணி பிரித்தான். பிளேட்டு கரிக்கட்டை மாதிரி இருந்தது. கேபிள் நட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, இத யாரு இப்பிடி முறுக்குனது?"

"தெரியலப்பா."

அவன் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். யாரைப் பார்த்தாலும் இப்படித்தான் தோன்றுகிறது.

10.7.2007, செவ்வாய்

சொல்லிவிட்டேன். முருகம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கால், செருப்பு, ஊக்கு, நட்டு, விரல்.

திட்டுவாள் என்று நின்றேன். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "எம் பக்கத்துலதான படுத்திருந்தீக அம்புட்டு நாளும்? எங்கிட்டச் சொல்ல முடியலயா?"

அப்புறம் என் பாதத்தை மடியில் வைத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டாள். "இங்கன தெரியுதா? இங்கன?"

தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னபோதுதான் அழுதேன்.

15.7.2007, ஞாயிறு

சங்கிலியம்மாள் வீட்டுக்குப் போனோம். கட்டுப்போட்ட கையோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். நட்டை முறுக்கியது நான்தான், என் கால் செத்துப்போயிருந்ததை மறைத்துவிட்டேன் என்றேன்.

 "காலுக்கு முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு நடந்து ஏறியிருப்பேன்ல கர்ணா" என்றாள். "ஒன்னைய ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சேனே."

முருகம்மாளுக்கு மட்டும் தண்ணீர் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. அது சரிதான்.

2.8.2007, வியாழன்

மதுரை. ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத்தண்டில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்குகிறதாம். ஆபரேஷன் செய்ய வேண்டும்.

"மேற்கொண்டு மோசமாகாமப் பாத்துக்கலாம். போன பலம் முழுசாத் திரும்பும்னு சொல்ல மாட்டேன். முன்னாடியே வந்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். முன்னாடியே. முன்னாடியே.

 ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்து பார்க்கும்போது இரண்டு காலும் இல்லாமல் போயிருந்தால்?

18.9.2007, செவ்வாய்

ஆபரேஷன் ஆயிற்று. கம்பு ஊன்றி நடக்கிறேன். வலது கால் நன்றாக இருக்கிறது. இடது பாதம் நடக்கும்போது சப்பென்று விழுகிறது. வண்டியைச் சம்பளத்துக்கு ஒச்சாண்டி ஓட்டுகிறான். நல்ல பையன்தான். அவன் கியர் மாற்றும் சத்தம் தெருவில் கேட்கிறபோதெல்லாம் என் இடது கால் தானாக அமுக்கப் பார்க்கிறது.

20.1.2008, ஞாயிறு

போன வாரம் அரிசி களைந்துகொண்டே முருகம்மாள் சொன்னாள்: "ஒச்சாண்டி திருப்பூருக்குப் போறேங்கான். வண்டிய நான் ஓட்டுறேன்."

வேண்டாம் என்றேன். அந்த ரோட்டை நினைத்தே சொன்னேன். அவள், "அப்ப வித்துருவமா?" என்று கேட்டாள்.

இன்று ஊருக்கு வெளியே தரிசில் கற்றுக்கொடுத்தேன். இன்ஜின் அணைந்துகொண்டே இருந்தது. கிளட்ச்சை மெதுவாக விடு என்றேன். எவ்வளவு மெதுவாக என்று கேட்டாள். சொல்லத் தெரியவில்லை. அது காலுக்குத் தெரிந்த விஷயம். என் காலுக்கு இப்போது மறந்துவிட்டது.

"விட விட ஒரு எடத்துல வண்டி லேசா முன்னாடி இழுக்கும். அங்கன கால நிறுத்து."

விட்டாள். வண்டி நடுங்கியது. நான் டேஷ்போர்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஆங், இழுக்குது! இழுக்குதுங்க!"

வண்டி நகர்ந்தது. 

9.3.2008

முருகம்மாளுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. ஒரு வருஷம் கழித்துத்தான் லோடு வண்டி ஓட்டும் பேட்ஜ் தருவார்கள். அதுவரைக்கும் வேறொரு டிரைவர். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. இதை அவளிடம் சொல்லவில்லை.

11.5.2009, திங்கள்

இன்று முருகம்மாள் தனியாக மலை ஏறினாள். கட்டப்பனைக்கு முருங்கைக்காய், தக்காளி. கிளம்புமுன் அவளே அடியில் குனிந்து நட்டைப் பார்த்தாள், பெடலை விரலால் அமுக்கி ஆட்டம் பார்த்தாள். கூட வருகிறேன் என்றேன். "நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பயமா இருக்கு. சும்மா சும்மா டேஷ்போர்டப் பிடிக்கீக" என்றாள்.

போய்விட்டாள். மேலே மேகம் கட்டியிருந்தது. பேசலாம் என்று போனை எடுத்து எடுத்து வைத்தேன். வளைவில் இருக்கும்போது மணி அடித்தால் என்ன ஆகும்? சும்மா உட்கார முடியாமல் அரிசியைப் போட்டேன். புளியைக் கரைத்தேன். வெங்காயம் கருகிவிட்டது, வேறு நறுக்கினேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வாசலுக்குப் போய் வந்தேன்.

பொழுது சாயும்போது வந்து சேர்ந்தாள். தலையெல்லாம் தூசி. கால் கழுவிவிட்டு நேராக அடுப்பங்கரைக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன கொழம்பு?"

"புளிக்கொழம்பு."

தட்டில் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்புப் பத்தல" என்றாள். உப்பை எடுத்துக் கொடுத்தேன். மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டாள்.