சொல்லிக்கொள்ளாமல் போகிற வீடு

1957 ஐப்பசி, திங்கள்

விடியலிலிருந்து தூறல். கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். எழுந்திருக்கத் தோன்றவில்லை. பொன்னாயிக்கு நேற்றுப் பால் தெளித்தாயிற்று. நாற்பது வருஷப் பெண்டாட்டி. அழுகை வரவில்லை.

பள்ளிக்கூடம் போகாதவன் எழுத்து. கூட்டிக்கூட்டி எழுதுகிறேன்.

மேலத்தெரு ராமையா துக்கம் கேட்க வந்தார். வாய்ப் பழக்கம், "வாங்க மச்சான்" என்றுவிட்டேன். வந்த மனிதர் வாசலிலேயே நின்றுவிட்டார். தங்கை காமாட்சி ஓடிவந்தாள்.

"ஏண்ணே, எழவு வீட்டுல வாங்கன்னா சொல்லுவாக? இன்னொரு சாவுக்கா கூப்புடுறே?"

"விடு ஆத்தா. என்னைய வாங்கன்னு கூப்புட ஊருல இவரு ஒருத்தருதான் இருக்காரு" என்றார் ராமையா.

துக்கத்துக்குக் கையை நீட்டினார். தொட்டேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார். அதுதான் முறை.

புதன்

வெயில். கஞ்சி. மத்தியானம் மகன் வந்தான்.

சின்னையா, ஒரே பிள்ளை. ஆவூரில் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெண்ணைக் கட்டியவன். அன்றிலிருந்து நேர்ப்பேச்சு இல்லை. ஆத்தாளுக்குக் கொள்ளி வைத்தபோதும் பேசவில்லை. முன்பெல்லாம் வந்தால் ஆத்தாளிடம் பேசுவான். "மழைக்கு முன்னாடி கூரையை மாத்தச் சொல்லு ஆத்தா." நானும் அவளிடமே: "வந்தவனைச் சாப்பிட்டுப் போகச் சொல்லு." மூன்று பேரும் ஒரே இடத்தில்தான். அவள் எதையும் திருப்பிச் சொல்ல மாட்டாள். உம் கொட்டுவாள். பேச்சு போய்ச் சேர்ந்துவிடும்.

இன்று உம் கொட்ட ஆள் இல்லை. சுவரைப் பார்த்து இருந்தான். சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டான்.

"முறைக்குப் போனானா, கோவத்துலயா?"

"துக்க வீட்டுல சொல்லிக்கிட்டா போவாக?" என்றாள் காமாட்சி.

"அது ஊராருக்கு. மகனுக்குமா?"

"எல்லாருக்குந்தான். கஞ்சியைக் குடி."

எங்கப்பா செத்தபோது பெரியப்பாவும் சொல்லாமல்தான் போனார். முறை என்று நினைத்தோம். கருமாதிக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. வெறும் முதுகு, தோளில் சிவப்புத் துண்டு, புளியமரத்தடியில் திரும்பிய திருப்பம். இன்னும் தெரிகிறது.

கருமாதி

மேகம். சின்னையா காலையிலேயே வந்துவிட்டான். தலை மழித்து, எல்லாம் செய்தான். சாம்பாரில் உப்பு அதிகம். ஒருத்தரும் சொல்லவில்லை.

இனி சொல்லிக்கொண்டு போகலாம். "வாரேன் மாமா." "வாரோங்க." ராமையா, "இப்பக் கூப்புடுங்க, நாளைக்கே வாரேன்" என்றார். பந்தல் காலியாகிவிட்டது.

சின்னையா பையை எடுத்தான். என்னைப் பார்க்கவில்லை.

"அத்தை, மூணு மணி பஸ்ஸுக்குப் போறேன்னு சொல்லுங்க."

காமாட்சி உம் கொட்டவில்லை. "எனக்குப் பாத்திரம் கெடக்கு" என்று அங்கிட்டுப் போய்விட்டாள்.

அவனும் நானும்.

"அந்த பஸ் போயிருக்கும்" என்றேன். அவன் முகத்தைப் பார்த்துத்தான்.

ரோட்டில் ஹாரன் சத்தம். அப்போதுதான் வந்து நிற்கிறது. இரண்டு பேருக்கும் கேட்டது.

"ஆமாப்பா. போயிருக்கும்."

பையை ஆணியில் மாட்டினான்.