சரியாக்கிய கியர்

தூத்துக்குடி, 13 செப்டம்பர் 2025, காலை 9.20

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் அப்பாவும் நலமா? அப்பாவுக்குச் சர்க்கரை இப்போது எவ்வளவு? நான் நலம்; இடது காலில் இரண்டு விரல்கள் மட்டும் வீங்கியிருக்கின்றன. போனில் சொன்னால் பாதியிலேயே அழுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் வளன் அண்ணாச்சியின் பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் கேபிள் நழுவிக் கிடந்தது. லிவர் ரிவர்ஸைக் காட்டும்போதுதான் உள்ளே பார்க்கிங் விழுந்து வண்டி அசையாமல் நிற்கும். மனுஷன் அதற்கே பழகிவிட்டார். நாளை மணப்பாடு சிலுவைத் திருவிழாவுக்குப் போகிறார்களே என்று நேற்று நானாகவே சரிசெய்தேன். துறைமுகக் கிரேன்களைப் பழுதுபார்க்கிற எனக்கு அது பத்து நிமிட வேலை. "இனி லிவர் காட்டுவதுதான் கியர்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, பழக்கத்தில் ரிவர்ஸில் தள்ளி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். பின்னால் நான் நின்றிருந்தேன்.

"நீ சரியாக்குனதாலதாம்ல பின்னால வந்துச்சு. பழையபடி வச்சிரு" என்கிறார்! அவர் மனைவி அமலோற்பவம் அக்கா, "ஏலே, நல்லா ஓடுன வண்டியக் கெடுத்துட்டியே" என்று திட்டிக்கொண்டே ஐஸ் வைத்துவிட்டார்.

ஷூ நுழையவில்லை. அப்பாவின் அகலச் செருப்பை அனுப்புங்கள். கூடவே நம் வீட்டு ராகி மாவு. இங்கேயும் கிடைக்கிறது, இருந்தாலும் அனுப்புங்கள். அண்ணாச்சி கூப்பிடுகிறார், முடிக்கிறேன். இனி செய்யப்போவது:

1. கேபிளைத் திரும்பக் கோணலாக்க மாட்டேன்.
2. நாளை அவரைச் சாவியைத் தொட விடமாட்டேன்.
3. மணப்பாட்டுக்கு நானே ஓட்டுவேன். ஆட்டோமேட்டிக்கில் இடது காலுக்கு வேலையில்லை.

மாதேஷ்